அழித்துச் செய்ய முடியாத சொத்து

தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தாண்டிக் கைமாறும் பொருள் என்றால் முதலில் தங்கம். ஆனால் அந்தத் தங்கம் கைமாறும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாட்டியின் அட்டிகை அட்டிகையாகவே பேத்தியிடம் போய்ச் சேர்வது அபூர்வம். நடுவில் ஒரு கல்யாணம் வரும், அட்டிகையை அழித்து ஆரம் செய்வார்கள். இன்னொரு கல்யாணம் வரும், ஆரத்தை அழித்து வளையலும் தோடும் செய்வார்கள். சேதாரம் போகப் பவுன் கணக்கு நிற்கும். பாட்டி அணிந்திருந்த வடிவம் மட்டும் எங்கும் இருக்காது. நிலம் பாகம் பிரியும். பித்தளை அண்டா எடைக்குப் போகும். அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. உருக்கினால் காசு தேறாது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பாகமாகப் பிரித்துத் தர முடியாது. கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், இருக்கிற கீறலோடும் தேய்மானத்தோடும்.

இந்தக் கட்டுரை அப்படிக் கைமாறும் கடிகாரத்தைப் பற்றியது. குறிப்பாக, 1960களிலிருந்து 1980கள் வரை இந்தியாவின் சாதாரணக் குடும்பங்களில் மணிக்கட்டுக்கு வந்த எச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தைப் பற்றியது. அது இரண்டாம் தலைமுறையை எட்டியதற்கு உலோகத்தின் உறுதி மட்டும் காரணமில்லை. அதைத் திறந்து, கழுவி, எண்ணெய் இட்டு, மறுபடி மூடத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊர்க் கடைத்தெருவிலும் இருந்தார்கள். அவர்கள் குறைந்துவரும் இந்த நேரத்தில்தான் அந்தக் கடிகாரங்கள் பெருமளவில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெற்றவர்கள் ஒவ்வொருவராக மறைய, பீரோவைத் திறக்கும் பிள்ளைகளின் கையில் அவை கிடைக்கின்றன. ஓடாத நிலையில்.

பொருள்களைப் பற்றிய மானிடவியலில் 1986ஆம் ஆண்டு முக்கியமானது. அர்ஜுன் அப்பாதுரை தொகுத்த ‘பொருள்களின் சமூக வாழ்வு’ என்ற ஆங்கில நூல் அந்த ஆண்டில் வந்தது. அதில் இகோர் கோபிடாஃப் எழுதிய கட்டுரை, ஒரு மனிதரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை ஒரு பொருளைப் பற்றியும் கேட்கலாம் என்றது. எங்கிருந்து வந்தது, யார் செய்தார், எந்தெந்தக் கைகளில் இருந்தது, வயதாகும்போது அதன் பயன் எப்படி மாறியது, பயன் தீர்ந்தபின் என்ன ஆகிறது? பசிபிக் தீவுகளில் ஆய்வுசெய்த அனெட் வைனர் 1992இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைச் சொன்னார். எல்லாவற்றையும் கொடுத்து வாங்கும் சமூகத்திலும், கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் பொருள்கள் சில உண்டு. குடும்பம் தான் யார் என்பதை அவற்றில்தான் பத்திரப்படுத்துகிறது. இவ்விரண்டு கருத்துகளையும் சோதித்துப் பார்க்க ஜனதா வகையைச் சேர்ந்த ஒரு பழைய எச்.எம்.டி. கடிகாரத்தை விட நல்ல பொருள் நம் வீடுகளில் குறைவு.

எச்.எம்.டி.க்கு முன்பு இந்தியாவில் கைக்கடிகாரம் என்றால் சுவிஸ் கடிகாரம்தான். ஃபாவ்ரே லூபா நிறுவனம் 1865இலேயே பம்பாயில் கடை விரித்துவிட்டது. வெஸ்ட் எண்ட் கடிகாரங்கள் முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களின் கைகளில் இருந்தன. விடுதலைக்குப் பிறகு, 1950களின் இறுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது இறக்குமதி இறுகியது. கடிகாரம் கடத்தல் பொருளானது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற உறவுக்காரர் கையில் கட்டிவந்து கழற்றிக் கொடுத்த கடிகாரங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையில் உருவான பர்மா பஜார், ‘ஃபாரின் வாட்ச்’ தேடுவோரின் இடமானது.

1953இல் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் எச்.எம்.டி. அது 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. நிறுவனம் தன் ஆயுளில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்தது. ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர் என்று வகைகள். பெண்களுக்குச் சுஜாதா, நூதன். பார்வையற்றோர் விரலால் தடவி மணி பார்க்கும் பிரெய்ல் கடிகாரத்தையும் அதே நிறுவனம் செய்தது. ஒரு நாடு தன் எல்லா மக்களுக்கும் மணி சொல்ல வேண்டும் என்று நினைத்த காலம் அது. அந்த நினைப்பை நான் இன்றும் மதிக்கிறேன்.

வீட்டுக்குள் அது வந்த வழிகளும் தனி. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதற்கு வாங்கிக் கொடுத்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது, மாமனார் வீட்டில் மோதிரத்தோடு போட்டது, வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாளில் மாலையோடு கொடுத்தது. ஒரு மனிதரின் வாழ்வில் ஒரு படி ஏறும் நாளில்தான் கடிகாரம் வரும். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய பட்டியலில் காஞ்சன் என்ற ஆட்டோமேட்டிக் வகைக்கு அப்படி ஒரு கிராக்கி இருந்தது. ஆகவே அந்தக் கடிகாரத்தின் வாழ்க்கை வரலாற்றில் வரதட்சணையும் ஒரு பக்கம். மகனிடம் வந்து சேரும் அப்பாவின் காஞ்சன், அம்மா வீட்டார் பணம் புரட்டி வாங்கிய பொருளாக இருக்கலாம். கோபிடாஃபின் கேள்விகளைக் கேட்டால் இப்படிப்பட்ட விடைகளும் வரும். அவற்றையும் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது மூடியைத் திறப்போம். சாவி கொடுக்கும்போது சுருண்டு இறுகும் மெயின் ஸ்பிரிங்தான் முழுச் சக்தியும். அது விரிய விரியப் பற்சக்கரங்கள் வரிசையாகச் சுழலும். அந்தச் சக்தி ஒரேயடியாக ஓடித் தீர்ந்துவிடாமல், துளித்துளியாக விடுவது எஸ்கேப்மெண்ட் என்ற பகுதி. எத்தனை வேகத்தில் விடுவது என்று தீர்மானிப்பது பேலன்ஸ் சக்கரமும் அதன் நடுவே சுவாசிக்கிற மாதிரி சுருங்கி விரியும் ஹேர் ஸ்பிரிங்கும். இந்தச் சுருளைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தவர் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், ஆண்டு 1675. வெயிலில் எஃகுச் சுருள் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும் என்பது அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குத் தொல்லையாக இருந்தது. சூட்டுக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்ததற்காக ஷார்ல் எதுவார் கியோம் 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

எச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தின் முகத்தில் ‘17 ஜுவெல்ஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர்கள் 17 கல் என்பார்கள். இவை அலங்காரக் கற்கள் அல்ல. சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமல் சுழல்வதற்காக வைத்த மாணிக்கத் துளைகள். இந்த முறைக்கு 1704இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஃபாசியோ என்ற கணித அறிஞர். 1902இல் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாணிக்கத்தை உலைச் சுடரில் செயற்கையாக வளர்க்கும் முறையை அறிவித்தார். அதன்பிறகுதான் அரசர் வீட்டுக் கல் கிளார்க் வீட்டுக் கடிகாரத்துக்குள் வர முடிந்தது.

இந்த வகை இயந்திரங்கள் மணிக்கு 18,000 தரம் துடிப்பவை. விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. ஓராண்டு நிற்காமல் ஓடினால் 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். முப்பது ஆண்டு ஒருவர் கட்டியிருந்தால் அந்த எண்ணிக்கை ஐந்நூறு கோடியை நெருங்கும். இத்தனை துடிப்பையும் தாங்குவது, அச்சுமுனைக்கும் மாணிக்கத்துக்கும் நடுவே நிற்கும் ஊசிமுனை அளவு எண்ணெய். அது வற்றினால் உலோகம் கல்லோடு உரசும். அச்சுமுனை தேயும். தேய்ந்தபின் எண்ணெய் இட்டும் பயனில்லை. கட்டாமல் பெட்டியில் வைத்திருந்தால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் பெட்டிக்குள்ளும் இறுகும். பிறகு யாரோ ஒரு பேரன் ஆசையாக எடுத்துச் சாவி கொடுத்து, ஓடுகிறதே என்று தினமும் கட்டத் தொடங்குவான். சேதம் அப்போதுதான் நடக்கிறது.

ஆகவே மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிக் கழுவ வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களின் கடை பெரும்பாலும் கடையே அல்ல. பேருந்து நிலையத்தின் ஓரம், மருந்துக் கடையின் வாசலில் ஒரு பகுதி, கண்ணாடி மூடிய ஒரு சிறு பெட்டி. ஒரு கண்ணில் லென்ஸ், கையில் இடுக்கி, பழைய கிளாஸ்களும் முட்களும் நிறைந்த தகர டப்பா. பள்ளிக்கூடத்தில் கற்ற தொழில் அல்ல. அப்பாவிடமோ ஆசானிடமோ உட்கார்ந்து, பல வருடம் மேசைக் கடிகாரம் மட்டும் தொட்டுப் பழகி, பிறகு கைக்கடிகாரத்துக்கு வந்தவர்கள். அப்பாவிடமிருந்து மகனுக்குக் கடிகாரம் போன அதே காலத்தில், அதைத் திறக்கும் கைத்திறனும் இன்னொரு அப்பாவிடமிருந்து இன்னொரு மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதே இல்லை.

ஆனால் கடிகாரக்காரர்கள் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கீறல் எழுத்துகள் தெரியலாம். ஒரு தேதி, ஒரு எண், இரண்டு எழுத்து. பழுதுபார்த்தவர்கள் தங்கள் அடையாளத்துக்காக ஊசியால் கீறி வைத்தவை. உலகம் முழுக்கக் கடிகாரக்காரர்களிடம் இருந்த வழக்கம் இது. ஒரே மூடியில் நான்கைந்து கைகளின் கீறல்கள் இருந்தால், அந்தக் கடிகாரம் எந்தெந்த ஆண்டில் கவனிக்கப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாற்றலாகி ஊர் ஊராகப் போன ஒருவரின் கடிகாரத்தில் வெவ்வேறு ஊர்க்காரர்களின் கை தெரியும். குடும்பத்தில் வேறு எங்கும் எழுதப்படாத ஆவணம் அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கிளாஸ் மாற்றியாயிற்று, சாவித் திருகு மாற்றியாயிற்று, மெயின் ஸ்பிரிங் இரண்டு தரம் மாற்றியாயிற்று, வார் எத்தனையோ. பிறகு அது எப்படி அப்பாவின் கடிகாரம்? தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் உண்டு. கிளாஸ், திருகு, ஸ்பிரிங், வார் எல்லாம் அந்த வகை. அவற்றை மாற்றுவதுதான் அந்தக் கடிகாரத்தின் இயல்பான வாழ்க்கை. மாற்றப்படாமல் நிற்க வேண்டியவை டயல், முட்கள், உடற்கூடு, பின்மூடி, இயந்திரத்தின் அடித்தகடு. அப்பா நாள்தோறும் பார்த்தது அந்த டயலை. அவர் வியர்வை முலாமைத் தின்று அடியிலுள்ள பித்தளையைக் காட்டியது அந்தக் கூட்டில். இவை இருக்கும்வரை அது அவருடையது.

அதனால்தான் டயலுக்குப் புதுச் சாயம் பூசும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்தியாவில் பழைய எச்.எம்.டி., ஃபாவ்ரே லூபா கடிகாரங்களை மொத்தமாக வாங்கி, டயலைச் சுரண்டி, அடர் நீலமும் சிவப்பும் பச்சையுமாக மறுபடி அச்சிட்டு, உலகம் முழுக்க விற்கும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடையே மும்பையின் பெயரே இந்தப் பூச்சுக்கு அடைமொழியாகிவிட்டது. பார்த்தால் தெரிந்துவிடும். எழுத்துகள் தடித்து விளிம்பு கலங்கியிருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்காது, முகத்தில் அச்சிட்ட கல் எண்ணிக்கையும் உள்ளே இருக்கும் இயந்திரமும் ஒத்துப்போகாது. விற்கிறவருக்கு அது வியாபாரம். வருத்தம் என்னவென்றால், பிள்ளைகளே அப்பாவின் கடிகாரத்தைக் கொண்டுபோய் ‘புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்’ என்று கேட்பது. நகையை அழித்துச் செய்து பழகிய மனம் கடிகாரத்திலும் அதையே செய்கிறது. நகையில் எடையாவது மிஞ்சும். இங்கே எதுவும் மிஞ்சாது.

எச்.எம்.டி.யின் வீழ்ச்சிக் கதை பலர் சொன்னதுதான், சுருக்கமாகப் போதும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அதில் வந்த படிகம் விநாடிக்கு 8,192 தரம் அதிர்ந்தது, பின்னால் வந்தவற்றில் 32,768 என்பது நிலைத்தது. விநாடிக்கு ஐந்து துடிப்புக்கும் இதற்கும் போட்டியே இல்லை. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை எழுப்பி, குவார்ட்ஸையே முன்னிறுத்திச் சந்தைக்கு வந்தது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் சந்தை கைவிட்டுப் போயிற்று. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட ஒப்புதல் அளித்தது. இன்று பெங்களூரு ஜாலஹள்ளியில் அதன் அருங்காட்சியகம் இருக்கிறது.

குவார்ட்ஸ் வந்ததில் மக்களுக்கு இழப்பில்லை. மலிவாக, துல்லியமாக மணி கிடைத்தது. இழப்பு வேறு இடத்தில் நடந்தது. குவார்ட்ஸ் கடிகாரம் நின்றால் பேட்டரி மாற்றுகிறோம், அதற்கும் மசியாவிட்டால் உள்ளே இருப்பதை அப்படியே எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறோம். கழற்றிக் கழுவும் வேலைக்கு அங்கே இடமில்லை. பேட்டரி மட்டும் மாற்றிக் குடும்பம் நடத்த முடியாததால் கடிகாரக்காரரின் பிள்ளை வேறு வேலைக்குப் போனான். பிறகு செல்போன் வந்தது. மிஞ்சியிருக்கும் கடைகளில் எச்.எம்.டி.க்கு வேண்டிய உதிரிபாகம் பெரும்பாலும் இன்னொரு பழைய எச்.எம்.டி.யின் வயிற்றிலிருந்துதான் வருகிறது. ஒன்றை ஓடவைக்க ஒன்று சாக வேண்டியிருக்கிறது.

கடிகாரத்தைத் தலைமுறைச் சொத்தாக விற்கும் விளம்பரம் உலகில் பிரபலமானது 1996க்குப் பிறகு. அந்த ஆண்டில் ஜெனீவாவின் படேக் ஃபிலிப் நிறுவனம் அப்பாவையும் மகனையும் காட்டி, இதை நீங்கள் வாங்குவது அடுத்த தலைமுறைக்காகக் காத்துவைக்கத்தான் என்ற பொருளில் ஒரு விளம்பரத் தொடரைத் தொடங்கியது. அது இன்றும் ஓடுகிறது. நடிகர் பால் நியூமனுக்கு மனைவி வாங்கிக் கொடுத்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அதன் பின்மூடியில், கவனமாக ஓட்டு என்ற பொருளில் மனைவி பொறித்துக் கொடுத்த சொற்கள் இருந்தன. நியூமன் அதை 1984இல் மகளின் நண்பனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அந்த விலையில் பெரும்பகுதி உலோகத்துக்கோ இயந்திரத்துக்கோ உரியதல்ல. யார் கையில் இருந்தது என்பதற்கும், அந்தச் சொற்களுக்கும் உரியது. நம் வீட்டு ஜனதாவுக்கு ஏல மதிப்பு கிடையாது. ஆனால் மதிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

யாருக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் கடிகாரம் மூத்த மகனுக்கு என்று கேட்காமலே முடிவாகிவிடுகிறது. அம்மாவின் கடிகாரம் பேச்சிலேயே வருவதில்லை. செவிலியராக இருந்து விநாடி முள்ளைப் பார்த்து நாடி எண்ணியவர்கள், ஆசிரியராக இருந்து பாடவேளை பார்த்தவர்கள் என்று ஒரு தலைமுறைப் பெண்கள் கைக்கடிகாரத்தோடுதான் வேலைக்குப் போனார்கள். அவர்களின் சின்னஞ்சிறு சுஜாதாக்கள் இயந்திரம் சிறிதானதால் பழுதுபார்க்கக் கடினமானவை. அதனாலேயே முதலில் தூக்கி எறியப்பட்டவை. சம்பாதித்த பெண்ணின் முதல் அடையாளங்களில் ஒன்று அந்தக் கடிகாரம். அதை மகளுக்கோ மகனுக்கோ கேட்டு வாங்கிக் கொடுக்கிற வீடுகள் பெருக வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சாவியைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். செல்போன், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக விரையும். 1960களுக்கு முந்திய சுவிஸ் கடிகாரமாக இருந்து, எண்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்ததாகச் சொன்னால், டயலை நீங்களே திறந்து சுரண்டாதீர்கள். அது ரேடியமாக இருக்கலாம். ஒளி எப்போதோ மங்கியிருக்கும், ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

சாவிக் கடிகாரம் கழற்றத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போங்கள். இன்னும் இருக்கிறார்கள், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விசாரித்தால் யாராவது வழி சொல்வார்கள். இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுங்கள், டயலையும் முட்களையும் தொட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் கேட்டு வாங்கிவையுங்கள். அவர் கேட்கும் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள். மூடியைத் திறக்கும்போது உடன் நின்று, உள்ளே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இவரையும் தன் தேதியைப் பதியச் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டு, எதற்காக, யார் கொடுத்த பணத்தில். இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.